கடைசி வீட்டில் யார்?

பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் குக்கர் விசில் அடித்தது.

போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினோம். பட்டப்பகல், பதினோரு மணி.

"ரெண்டாவது விசில்," என்றார் தையல்கார அக்கா மெதுவாக.

"பேய்க்கும் பசிக்கும் போல," என்றாள் கோழிக்கடைக்காரர் மனைவி.

அது டீச்சர் வீடு. தெருவின் கடைசி. பின்சுவருக்கு அந்தப் பக்கம் பொட்டல். பொட்டலின் நடுவில் எண்ணெய்க் கம்பெனியின் துளை போடும் மெஷின். அது ஓட ஆரம்பித்தால் எங்கள் தரையெல்லாம் உறுமும். குடத்துத் தண்ணீர் தானாக வளையம் வளையமாக அசையும். டீச்சர் வீட்டில் படுக்கவே முடியாது. ரெண்டு மாதம் முன்னால் அவர் கிளம்பிவிட்டார்.

கிளம்பும்போது வீடு வீடாக வந்து கெஞ்சினார்.

"ஆள் குடியிருக்கிற வீட்டுக்கு நூறு மீட்டருக்குள்ள தோண்டக் கூடாதாம். என் வீடு காலின்னா அடுத்த குழி என் பின்சுவர்கிட்டதான். அப்புறம் உங்க வீடுங்க என்ன ஆகும்? வாடகை வேணாம்மா. யாராவது வந்து இருங்க."

எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது. நானும் ஒன்று சொன்னேன். பந்தல் போட்டுக் கத்துவது வேறு, அந்த வீட்டில் போய்த் தூங்குவது வேறு.

அடுத்த வாரமே ஆரம்பித்தது. வாசலில் பூட்டு தொங்கும். மொட்டைமாடிக் கொடியில் சின்னச் சின்னத் துணிகள் காயும். உள்ளே யாரோ தாலாட்டுகிற மாதிரி இருக்கும். பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர்கள் பாதி வழியில் திரும்பி வந்தார்கள்.

இன்றைக்குக் கம்பெனி அதிகாரி அளக்க வருகிறார். வீடு காலி என்று எழுதிவிட்டால் எங்கள் கதை முடிந்தது.

மூன்றாவது விசில்.

"வாங்கடி, ஆனது ஆகட்டும்," என்று அக்கா எழுந்தார்.

பின்கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. சுவரில் தரையிலிருந்து மேலே வரை விரிசல். பாயில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பாய் லேசாக நடுங்கியது. குழந்தையின் கன்னமும் கூடவே நடுங்கியது. அதற்குப் பழகிவிட்டது போலிருக்கிறது, முழிக்கவே இல்லை.

அடுப்படியிலிருந்து ஒருத்தி வந்தாள்.

பேயாக இருந்திருந்தால்கூடத் தேவலை. அந்த மெஷினை ஓட்டுகிறவரின் மனைவி அவள். கம்பெனி குவார்ட்டர்ஸில் இருக்க வேண்டியவள். கடையில் எதிரே வந்தால்கூட நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

"ஓகோ!" என்றார் அக்கா. "புருஷன் வெளியில தோண்டுறான், பொண்டாட்டி உள்ள உக்காந்து வேவு பார்க்கிறாளா? நாங்க பேசறதை ஒட்டுக் கேக்க அனுப்பி வெச்சாங்களா?"

"மெதுவாக்கா. இப்பதான் தூங்கினான்."

"முதல்ல வெளிய போடி!"

வாசலில் ஜீப் வந்து நின்றது. யாரோ பூட்டை இழுத்துப் பார்க்கும் சத்தம்.

"காலி வீடுன்னு எழுதிக்கப்பா," என்று அதிகாரி சொல்வது காதில் விழுந்தது.

அக்கா ஜன்னல் பக்கம் ஓரடி எடுத்து வைத்து நின்றுவிட்டார். என்ன சொல்வது? நாங்கள் யாரும் இங்கே குடியிருக்கவில்லையே.

அவள் போய் ஜன்னலைத் திறந்தாள்.

"காலி இல்ல சார். நாங்க குடியிருக்கோம். டீச்சர் எழுதிக் குடுத்த கடுதாசி இருக்கு."

அதிகாரி கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். "நீங்க நம்ம மெஷின் ஓட்டுறவர் வீட்டம்மாதானே? அவர் வேலை போயிடும்மா!"

"அந்தப் பயத்துலதான் சார் இத்தனை நாள் வெளியில பூட்டைப் போட்டுட்டு உள்ள இருந்தேன்."

"பச்சைக் குழந்தையை இந்த வீட்டுல வெச்சிருக்கீங்களே, இது அவருக்குத் தெரியுமா?"

அவள் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவர்தான் சார் கொண்டுவந்து விட்டாரு. 'தோண்டுன்னா மாட்டேன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நீயும் புள்ளையும் அந்த வீட்டுல இருந்தாத்தான் அங்க தோண்ட எனக்குக் கை வராது'ன்னாரு."