மூன்றாம் அறிவித்தல்

கனடாவில் பிக்கரிங்கிலிருந்து மில்லிக்கனுக்குக் கார் ஓட்டி வந்த வழி முழுக்க பஸ்ரியன் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். தங்கச்சி கிளடிஸ் கதவைத் திறந்த உடனேயே ஒப்பிக்கத் தொடங்கிவிட்டார்.

"இந்தக் கலியாணம் நடக்கப்படாது."

"முதல்ல ஜக்கெற்றைக் கழட்டுங்கோ அண்ணை."

கழற்றவில்லை. பஸ்ரியனுக்கு அப்படியொரு பழக்கம். முடிவை எடுத்துவிட்டுத்தான் விசாரிக்கவே தொடங்குவார்.

விசயம் இதுதான். கிளடிஸின் மகள் கரோலினுக்கும் றொய்சனுக்கும் கலியாணம். கத்தோலிக்கக் கோயிலில் இரண்டு ஞாயிறு கலியாண அறிவித்தல் வாசித்தாயிற்று. தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் கேட்கும் மூன்றாவது, கடைசி அறிவித்தல் நாளைக்கு. நேற்றுத்தான் கரோலின் மாமா பஸ்ரியனுக்குப் போன் எடுத்து, ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். றொய்சனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது.

"அவனுக்கு உது எப்பிடி வந்ததாம்?"

"அதைக் கேக்கிற உரிமை கரோலினுக்குத்தான். அவள் கேட்டிட்டாள்."

"தெரிஞ்சுகொண்டே பிள்ளையைக் கிணத்தில தள்ளுறியோ?"

கிளடிஸ் ஒரு கடதாசியை எடுத்து மேசையில் வைத்தாள். றொய்சனின் இரத்தப் பரிசோதனை ரிப்போட். கேட்காமலே அவன் கொண்டுவந்து கொடுத்தது.

"இரத்தத்தில வைரஸ் எவ்வளவு இருக்கெண்டு அளந்து பாக்கிறவை அண்ணை. மருந்துக் குளிசையை ஒழுங்காப் போட்டால் அது பரிசோதனையில பிடிபடாத அளவுக்கு இறங்கிடும். இறங்கி அப்பிடியே நிண்டால், கட்டினவளுக்குத் தொத்தாது."

"எவ்வளவு நாளைக்கு நிக்கும்?"

"குளிசையை விடாமல் போடுற வரைக்கும். இடைக்கிடை சோதிச்சுப் பாக்கவும் வேணும். அவனுக்கு நாலு வருசமா இப்பிடித்தான் இருக்கு."

"கொஞ்சமாவது தொத்தும்தானே?"

"இல்லை. அந்த அளவில வைச்சிருந்தால் தொத்தாது."

பஸ்ரியன் கடதாசியைத் தொடக்கூட இல்லை. விரல் நுனியால் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல கையைப் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டார்.

"கடதாசியில என்னவும் எழுதலாம். ஒருத்தருக்கு உது இருந்தும் சேந்து வாழ்ந்து, பிள்ளையும் பெத்து, மற்ற ஒருத்தருக்கும் ஒண்டும் வராமல் இருக்கிற ஒரு தமிழ்க் குடும்பத்தைக் காட்டு. ஒண்டே ஒண்டு. காட்டினால் நான் வாய் திறக்கமாட்டன். இல்லையெண்டால் நாளைக்கு அறிவித்தல் வாசிக்கேக்கை எழும்பிச் சொல்லுவன். கோயில் முழுக்கக் கேக்கட்டும்."

"சொன்னால் அவன்ர சீவியம் என்னாகும் எண்டு தெரியுமோ?"

"எனக்கு என்ர மருமகள்தான் முக்கியம்."

அவர் சொன்னதைச் செய்வார் என்று கிளடிஸுக்குத் தெரியும். குசினி வாசலில் நின்ற புருசன் ஜூலியஸைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லு என்பதுபோல அவர் மெல்லத் தலையாட்டினார். அவள் முகத்தில் பயம் இருந்ததை அப்போதுதான் பஸ்ரியன் கண்டார். ஆனால் குரல் தளம்பவில்லை.

"கரோலின் பிறந்த நேரம் நான் பால் குடுக்கேல்லை எண்டு நீங்களும் அண்ணியும் என்னை என்ன பாடு படுத்தினியள். அழகு கெட்டுப்போம் எண்டு பயப்பிடுறாள் எண்டு சொந்தக்காரர் எல்லாருக்கும் சொன்னியள்."

"அந்தக் கதை இப்ப என்னத்துக்கு?"

"டொக்டர்தான் குடுக்கவேண்டாம் எண்டவர். அவள் வயித்தில மூண்டு மாசமா இருக்கேக்கைதான் எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது தெரியவந்தது. அண்டைக்குத் தொடங்கின குளிசை, இண்டுவரை ஒரு நாளும் விடேல்லை. அவளுக்கும் தொத்தேல்லை. இவருக்கும் தொத்தேல்லை."

பஸ்ரியன் ஒரு கதிரையை இழுத்து அதில் இருந்தார். இருபத்தைந்து வருசமாகத் தங்கச்சியைத் தான் ஏசி வந்தது நினைவுக்கு வந்தது.

"நாளைக்கு எழும்பிச் சொல்லுங்கோ அண்ணை," என்றாள் கிளடிஸ். "றொய்சன்ர பேரைச் சொல்ல முந்தி, என்ர பேரைச் சொல்லுங்கோ."