புருஷன் பாத்திரத்துக்கு வசனம் இல்லை

முதலில் தாளம்தான் கேட்டது. எவர்சில்வர் குடத்தில் கரண்டியால் தட்டுகிற தாளம். அதன் பின்னாலேயே அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"உட்காந்த நாற்காலி தேஞ்சு போச்சு
உன் ஒடம்புல ஒரு இஞ்ச் தேயலையே..."

வைத்தியலிங்கத்தின் கையிலிருந்து பேப்பர் நழுவியது. முப்பத்திரண்டு வருஷத்தில் தையல்நாயகி அவரை 'நீ' என்று சொன்னதில்லை. கோபம் தலைக்கேறினாலும் 'ஏங்க'தான்.

எட்டிப் பார்த்தார். ஒத்திகையாம். ஊர் நாடகக் குழு பாட்டு நாடகம் போடுகிறது, மனைவி பாத்திரத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், புருஷனைத் திட்டிப் பாட வேண்டும். பழகிப் பார்க்க எதிரே ஒரு ஆள் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும் என்றாள்.

"நான் என்ன பேசணும்?"

"புருஷன் பாத்திரத்துக்கு வசனம் இல்லைங்க. கதைப்படி அவரு எதையாவது உரிச்சுக்கிட்டே இருக்கணும்."

அன்றைக்குப் பூண்டு இருந்தது. உரித்தார்.

மறுநாள் மொச்சை. அதற்கு மறுநாள் சின்ன வெங்காயம். கலைக்காகத்தானே என்று, துறைமுக எடைமேடையிலிருந்து ஓய்வு பெற்ற விரல்கள் வளைந்து கொடுத்தன. நடுவில் ஒருநாள் முருங்கைக்கீரை ஆயச் சொன்னாள். உரிப்பது என்றுதானே பேச்சு என்று கேட்டதற்கு, கதையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள் என்றாள்.

பாட்டும் நாளுக்கு நாள் நீண்டது. பதினாலு வருஷம் நிலக்கரிச் சட்டை துவைத்த கை அதில் வந்தது. தலைப்பிரசவத்தன்று சீட்டாடப் போன கால் வந்தது. மாமியார் பேசும்போதெல்லாம் செவிடாகிப் போன காது வந்தது.

கதையில் அந்தப் புருஷனுக்கும் துறைமுகத்திலா வேலை என்று சந்தேகம் கேட்டார். காரைக்கால் கதைதானே, வேறெங்கே இருக்கும் என்றாள். நியாயமாகத்தான் பட்டது. எழுதியவன் பெரிய அனுபவசாலி என்று பாராட்டக்கூடச் செய்தார்.

முதல் நாள் சண்டையை விலக்க ஓடிவந்த பக்கத்து வீட்டு சித்திக்கா, இப்போதெல்லாம் ஆறு மணிக்கு டிவியை அணைத்துவிட்டு மதில் ஓரம் நாற்காலி போட்டுக்கொள்கிறாள். முந்தின நாள் பாட்டில் வந்த சீட்டாட்ட அடி பிரமாதம் என்று அவரிடமே சொன்னாள். அவரும் பெருமையாகத் தலையாட்டினார்.

பன்னிரண்டாம் நாள் புது அடி ஒன்று வந்தது.

"ரேடியோ போட்ட கடுதாசிய
கட்டிலுக்கு முட்டுக் கொடுத்தவனே..."

உரித்த பட்டாணி தரையெல்லாம் உருண்டது.

கல்யாணமான புதிது. குரல் தேர்வுக்கு வரச் சொல்லி ரேடியோ நிலையத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. அம்மா என்ன சொல்வாளோ என்று, அவளிடம் காட்டாமல் எட்டாக மடித்து, ஆடுகிற கட்டிலின் காலுக்கடியில் செருகியது அவர்தான். அதன்பிறகு கட்டில் ஆடவில்லை. விஷயமும் அதோடு முடிந்தது என்றுதான் இருந்தார். கட்டிலுக்கடியில் தினமும் பெருக்குகிறவள் யார் என்பது இப்போதுதான் உறைத்தது.

"இதுவும் நாடகத்துல இருக்கா, தையலு?"

"இருக்குங்க," என்றாள். உருண்டதையெல்லாம் பொறுக்கச் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்தார். ஒரு தேர்வைத்தான் கெடுத்தாயிற்று, இதையாவது யார் காலில் விழுந்தாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

நாடகக் குழு கூடும் மண்டபத்து மாடியில் ஜெகபர் சாதிக் ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாடகம் எழுதுவது, மெட்டுப் போடுவது, பெஞ்சு தூக்கிப் போடுவது எல்லாம் அவர்தான். மனைவி பாத்திரத்தைத் தன் வீட்டுக்காரிக்கே கொடுக்க வேண்டும், அந்தத் திட்டுற பாட்டை அவளை மாதிரி ஊரில் யாரும் பாட முடியாது என்று வைத்தியலிங்கம் ஆரம்பித்தார்.

"எந்தப் பாட்டு சார்? ஆள் எடுத்து ரெண்டு வாரமாச்சு. நம்ம நாடகத்துல மனைவி ஊமை. புருஷன் கப்பலேறினதும் முதல் காட்சியிலேயே வாயடைச்சுப் போயிடுவா. கடைசிவரைக்கும் பேச மாட்டா."

"அப்ப தையல்நாயகி?"

"வந்தாங்க. அந்தப் பொம்பள ஒரு பாட்டாவது பாடக் கூடாதான்னு கேட்டாங்க. கதையில எடமில்லீங்கன்னேன். சிரிச்சுட்டுப் போயிட்டாங்க."

திரும்பும் வழியெல்லாம் வைத்தியலிங்கம் கேள்விகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தார். பதின்மூன்று நாளாக ஒரு மனுஷனை உட்கார வைத்து உரிக்க விட்டதற்கு நியாயம் கேட்க வேண்டாமா?

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே தாளம் கேட்டது. கூடத்தில் அவர் இடத்தில் ஒரு சட்டி நிறைய இறால் காத்திருந்தது.

"ஜெகபர் சாதிக்கைப் பார்த்தேன்," என்றார்.

தாளம் நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் சித்திக்காவின் நாற்காலி கிறீச்சிட்டு அடங்கியது.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"ஆள் எடுக்கிறதைத் தள்ளி வச்சிருக்காங்களாம். எப்பன்னு தெரியாதாம். அதுவரைக்கும் விடாம பழகச் சொன்னாரு," என்றார். "அப்புறம், புருஷனுக்கும் ஒரு வரி சேர்த்திருக்காங்களாம்."

"என்ன வரி?"

சம்மணமிட்டு உட்கார்ந்து சட்டியை இழுத்துக்கொண்டார்.

"ஆமா, என் தப்புதான்."

தையல்நாயகி அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். கையில் கரண்டி.

"சுருதி சேரல," என்றாள். "மறுபடி சொல்லு."

சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த இறாலின் தலையைக் கிள்ளினார்.