வெடக்கோழிச் சாறு

கொதி அடங்கியதும் சட்டியை இறக்கிவைத்து, அதன் பிறகுதான் புதினாவையும் கொத்தமல்லியையும் கிள்ளிப் போட்டேன். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் கறுத்துவிடும்.

ரயில்வே வேலியில் பறித்த தூதுவளை முன்னமே கோழியோடு வெந்திருந்தது. கடைசியாக அரை எலுமிச்சம்பழம் பிழிந்தேன். சாறு தெளிந்து, இலைகள் பச்சைப் பசேலென்று மேலே வந்தன.

மாசிப் பனி கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, இன்னிக்கும் கோழியா?" பக்கத்து வீட்டு ராஜாத்தி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "எம் புருசனுக்குக் காச்சல்னா கஞ்சித்தண்ணிதான். உங்க வூட்டுக்காரரு இன்னா புண்ணியம் பண்ணிகினு வந்தாரோ!"

சிரித்துவைத்தேன். கூண்டில் மிச்சமிருந்த கடைசி வெடக்கோழி அது.

உள்ளே அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தை பிறந்தபோது மூச்சுக்கே தவித்தவர். இப்போது நெஞ்சுச் சளி கரைந்து, கன்னத்தில் சதை ஏறியிருந்தது.

இன்றைக்கு அவர் எழுந்து நின்றாக வேண்டும்.

கார்த்திகைப் புயலில் சிக்கிய கட்டுமரத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர்தான் கரைக்கு வந்தார். வந்தவர் என் புருஷன் தண்டபாணி. வராதவன் என் தம்பி ரகுபதி.

அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார். ஊர் நம்பியது. நானும் அவர் தோளில்தான் சாய்ந்து அழுதேன்.

மார்கழியில் அவர் காய்ச்சலில் விழுந்தார். நான் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தபோது கண் திறக்காமலே பேசினார்.

"கைய எடுடா ரகு. மரம் கவுந்துடும்டா. எடு. எடுக்க மாட்டே?"

பிறகு அவருடைய வலது கை உயர்ந்து பாயில் இறங்கியது. துடுப்பைப் பிடிக்கிற பிடி. மறுபடியும் உயர்ந்தது. மறுபடியும் இறங்கியது.

துணி காய்ந்திருந்தது. நனைத்துப் பிழிந்து மறுபடி போட்டேன்.

பிறகு குப்பத்துத் தலைவர் நாட்டாரிடம் பிராது போனது.

எங்கள் குப்பத்தில் இதற்குச் சாட்சி தேடுவதில்லை. கூட வந்தவனைக் கடலில் விட்டவன் என்று ஒருவன் மேல் பிராது வந்தால், அவன் முழங்கால் தண்ணீரில் நின்று கடலைக் கையில் அள்ளி, நான் விடவில்லை என்று சொல்ல வேண்டும். அள்ள மறுத்தால் அவனுக்கு எந்த மரத்திலும் இடமில்லை. பொய்யாக அள்ளினால் கடல் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் தன் காலில் நடந்து வர வேண்டும். தூக்கி வரவோ தாங்கிப் பிடிக்கவோ கூடாது. திருவொற்றியூர்ச் சாமி மாசி மகத்துக்குக் கடலாட வருவதற்குள் அவன் எழாவிட்டால், பிராது தள்ளுபடி.

நாளைக்கு மகம்.

இத்தனை நாளும் நான் பயந்தது ஒன்றுக்குத்தான். இவர் பாயிலேயே செத்துவிடக் கூடாது. செத்தால் ஊர் மாலை போட்டுத் தூக்கிக்கொண்டு போகும். என் தம்பியை அலைதான் கொண்டுபோனது என்றே ஆகிவிடும்.

அவர் மேல் உயிராக இருந்த வருஷங்களில் எனக்கு இவ்வளவு பொறுமை இருந்ததில்லை. அவர் நாக்கு எவ்வளவு மிளகு தாங்கும், எந்தப் பக்கம் சாய்த்தால் இருமல் நிற்கும் என்பதெல்லாம் இந்த இரண்டு மாசத்தில்தான் தெரிந்துகொண்டேன். வெறுப்புக்கு இத்தனை கவனம் உண்டென்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மகம் கழியும்வரை படுத்தே கிடந்துவிடலாம் என்றுதான் அவர் பார்த்தார்.

"படுத்துகினே தப்பிச்சிகினான்னு ஊரு சிரிக்கும்யா" என்றேன் ஒரு நாள்.

காலுக்குச் சாறு கொடுத்தேன். ரோஷத்துக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

கிண்ணத்தை வாங்கி எட்டிப் பார்த்தார். "இன்னாடி, இம்மாம் பச்சையா கீது? வெசம் கிசம் கலந்துட்டியா?"

"நீ செத்துட்டா தண்ணில யாருய்யா நிப்பா? குடி."

அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. சிரித்துக்கொண்டே குடித்தார். எலும்பைக் கடித்து உறிஞ்சினார்.

"அந்த மாசானம் பயதான் பிராது குடுத்துருப்பான். வலைத் தகராறுலேர்ந்தே அவனுக்கு எம்மேல கடுப்பு. நான் தண்ணிய அள்றப்போ அவன் மூஞ்சி போற போக்கப் பாரு."

சொல்லும்போது அவர் குரலில் பிசிறே இல்லை. பொய்யைத் தயாராக வைத்திருந்தார். மாசானத்தைப் பார்த்துச் சொல்வதற்கு ஏற்ற பொய்.

கிண்ணத்தை வைத்துவிட்டு, சுவரைப் பிடிக்காமல் எழுந்தார். நிலைப்படி தாண்டினார். மணலில் நடந்தார். நான் பின்னால் போனேன். விழுந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டே போனேன். புதுப் பெண்ணாக வந்த நாளில்கூட அவர் நடையை நான் அப்படிப் பார்த்ததில்லை.

துறைமுகத்தில் காலைச் சங்கு ஊதியது. கரையில் ஆண்கள் கூடியிருந்தார்கள்.

"பிராது குடுத்தவங்க மொதல்ல எறங்கணும்" என்றார் நாட்டார்.

என் புருஷன் கூட்டத்தில் மாசானத்தைத் தேடிப் பிடித்து முறைத்தார். மாசானம் கைகட்டியபடி நின்ற இடத்திலேயே நின்றான்.

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். தண்ணீர் ஜில்லென்றிருந்தது.

"குளுர்ல நீ ஏண்டி எறங்குறே?" என்றார் பின்னாலிருந்து, பதறிப்போய். "மேல வா, புஷ்பா."

முழங்கால் ஆழம் வந்ததும் திரும்பி, அவருக்காகக் காத்து நின்றேன்.