மாலை போட்ட படம்

1988. விம்பிள்டனில் தனியாக இருந்த, தொண்ணூறைத் தாண்டிய ஜப்பானியக் கிழவரைப் பார்த்துக்கொள்வதுதான் சபேசனின் வேலை. சுவரில் கடற்படை உடுப்போடு ஓர் இளைஞனின் படம். செத்துப்போன மகனாக்கும் என்று இரங்கி, கோயில் மாலையை அதற்குப் போட்டான்.

கிழவர் முகம் வெளிறியது. "அது நான்தான். முதலாம் உலகப் போரில் துறைமுகத்தில் இறங்கி ஓடிவிட்டேன். மறுநாள் கப்பல் மூழ்கியது. நானும் செத்துவிட்டதாக நினைத்து லெப்டினன்ட் ஆக்கினார்கள். என் உத்தியோகத்தில் கிடைத்த ஒரே உயர்வு."

"அம்மாவுக்கு ஒரு கடிதமாவது போட்டிருக்கலாமெல்லே, ஐயா."

"வீரனின் தாய் என்று ஊரே அவளைக் கும்பிட்டது. உயிரோடு போய் அதைக் கெடுக்கச் சொல்கிறாயா? படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தியபடியே போய்ச்சேர்ந்தாள்."

சபேசன் மாலையைக் கழற்றினான்.

"உன் அம்மா எங்கே இருக்கிறாள்?"

"இஞ்சை லண்டனிலைதான், எட்மண்டனிலை, அக்கா வீட்டிலை."

"பக்கம்தானே. அடிக்கடி போவாயா?"

சபேசன் மாலையைக் கையில் சுருட்டினான். அவன் இயக்கத்தை விட்டு ஓடிய இரவுதான் முகாமில் குண்டு விழுந்தது. எட்மண்டனில் அம்மா தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிற படம் அவனுடையது.