கால் சரியானதும்

தகர மனிதன் தேநீர்த் தட்டை ஏந்திக்கொண்டு நொண்டி நொண்டி வந்தபோது தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது.

செண்பகமும் சிரித்தாள். ஐந்து வயது. அம்மா மடியில் ஏறி நின்று, முன்வரிசைக்காரனின் தோளைத் தட்டி, "எங்க அப்பா" என்றாள்.

அவனுக்குத் தமிழ் தெரியாது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள் சண்முகவடிவு.

பிள்ளை பொய் சொல்லவில்லை. அந்தத் தகரத்துக்குள் இருந்தது அவள் புருஷன் கோமதிநாயகம்தான்.

தாராவியில் டிரங்குப் பெட்டி அடிக்கிற பட்டறை அவனுக்கு. செம்பூரில் ஒரு ஸ்டூடியோவிலிருந்து ஆட்கள் வந்து, இந்திப் படத்துக்கு ஒரு தகர மனிதன் வேண்டும், உள்ளே ஆள் நுழைகிற மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யார் அளவுக்கு என்று சொல்ல மறந்துவிட்டார்கள். பட்டறைக்காரன் என்ன செய்வான், பாவம். தன் உடம்பையே நூல் பிடித்து அளந்து வெட்டினான்.

கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே ஒருவருக்கும் அது பொருந்தவில்லை. கடைசியில் அவனையே உள்ளே இறக்கிவிட்டார்கள். இரண்டு நாள் தெருவில் அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் தகர விளிம்பு கணுக்காலைக் கிழித்தது. நொண்டினான். நொண்டல் ஜோராக இருக்கிறது, அப்படியே நட என்றார் டைரக்டர். மஞ்சள் பற்றுப் போட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு வாரம் அப்படியே நடந்தான்.

அப்புறம் ஒரு விடியற்காலையில் அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. தாடை கிட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது செண்பகம் தூங்கிக்கொண்டிருந்தாள். போனவன் திரும்பவில்லை.

அப்பா எங்கே என்று பிள்ளை கேட்டது. "கால் சரியானதும் வருவாக" என்றாள் சண்முகவடிவு. அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். எட்டு மாதமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் மாலை போட்டு மாட்ட அவனுக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. அதனால் பிள்ளைக்குச் சந்தேகமும் வரவில்லை.

படம் வந்ததும் குழாயடி இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

சொர்ணம்மாள் அழுத கட்சி. பணக்கார வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றத் தகர மனிதன் தீக்குள் போகிறானாம். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லையாம். பூலோகம் சிரித்த கட்சி. எரிந்த தகரத்துக்கு எவனும் பேரீச்சம்பழம்கூடத் தரமாட்டான், அதற்குப் போய் அழுகிறாளே என்றான். குடங்கள் இடித்துக்கொள்ளும் அளவுக்குச் சண்டை.

சண்முகவடிவு எந்தக் கட்சியிலும் சேரவில்லை. கடைசியில் அவன் சாகிறான் என்பது மட்டும் அவள் மனதில் தங்கியது. தன் வாயால் சொல்ல முடியாததைப் படம் சொல்லிவிடட்டும். அதற்காகத்தான் பிள்ளைக்குத் தலை சீவிப் பொட்டு வைத்து, தாதர் தியேட்டரில் மத்தியான ஆட்டத்துக்குக் கூட்டி வந்திருந்தாள்.

அவனைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இல்லை என்று எப்படிச் சொல்வது? முகம் தெரியவில்லை. கண் இருக்கிற இடத்தில் இரண்டு ஓட்டைதான். ஆனால் அந்த நடை அவனுடையது. வலிக்கிறபோது வலது தோள் லேசாகத் தூக்குமே, அது. ஊர் சிரித்த ஒவ்வொரு தடவையும் அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

இடைவேளையில் செண்பகம் வராந்தாவில் அப்பா மாதிரி நொண்டிக் காட்டினாள். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

மறுபாதி தொடங்கியதும் கண்ணாடி போட்ட விஞ்ஞானி ஒருவர் ஸ்பேனரால் தகர மனிதனின் காலை முடுக்கினார். அவன் எழுந்து நேராக நடந்தான். தியேட்டர் கை தட்டியது.

இதைக் குழாயடியில் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

உள்ளே இருப்பது வேறு ஆள் என்று சண்முகவடிவுக்குத் தெரிந்தது. கொஞ்சம் குள்ளன். முழங்கால் தகடு தொளதொளவென்று ஆடியது. பச்சைப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

செண்பகம் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. கை தட்டவும் இல்லை. மடியில் ஒட்டி உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பங்களாவில் தீப்பிடித்தது. தகர மனிதன் பணக்காரப் பிள்ளையை ஜன்னல் வழியாக வெளியே இறக்கிவிட்டுத் தீக்குள்ளேயே சாய்ந்தான். தியேட்டர் மாடியில் விசும்பல் கேட்டது. கீழே எவனோ பழைய தகரம் வாங்குகிறவன் குரலில் "கபாடிவாலா" என்று கூவினான். அவனைச் சுற்றிலும் சிரிப்பு.

சண்முகவடிவு மகளின் கையை இறுகப் பிடித்தாள். இந்த நேரத்தை விட்டால் இனி எப்போதும் முடியாது.

"பாத்தியாட்டி? அப்பா இனிமே வரமாட்டாக" என்றாள்.

செண்பகம் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா பயந்துவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.

"அது அப்பா இல்லம்மா, வேற ஆளு. அப்பாவுக்கு இன்னும் கால் சரியாகலைல்லா."

எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சண்முகவடிவு வாய்விட்டு அழுதாள்.

முன்வரிசைக்காரன் திரும்பிப் பார்த்தான். ஒரு டப்பாவுக்குப் போய் இப்படி அழுகிறாளே என்று பக்கத்தில் இருந்தவனிடம் இந்தியில் சொல்லிச் சிரித்தான்.