விட்டுப்போன வரி

"மேல் லயம், மாரியம்மா வீடு. கீழ் லயம், ஐயாவு வீடு."

தம்பி பத்துமலை சொல்லச் சொல்ல நான் பட்டனைத் தட்டினேன். தோட்டத்து லோரி கவிழ்ந்ததிலிருந்து அவனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. ஈப்போ கம்ப்யூட்டர் வகுப்பில் வாய் அவனுடையது, விரல் என்னுடையது.

எனக்கு இங்கிலீஷ் எழுத்து வராது. அதனால் கீபோர்டின் எழுத்து வரிசைகளை எங்கள் தோட்டத்து லயங்களாக, வரிசை வீடுகளாக ஆக்கிவிட்டான். ஒவ்வொரு பட்டனும் ஒரு வீடு. யார் வீடு எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேனே!

இன்று பரீட்சை. தேறினால் பக்கத்து ஊர் லகாட்டில் ஒரு கம்பெனியில் வேலை.

பரீட்சை வைத்த மிஸ்டர் சோங்குக்குத் தமிழ் தெரியாது. புரோகிராம் எழுதுவதே அக்காதான், இவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று மலாயில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவன் வாய் திறக்காமல் நான் ஒன்றைத் தட்டினாலும் பரீட்சை செல்லாது என்றார். தலையாட்டினேன்.

பத்துப் பெயர்கள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். அதுதான் கேள்வி.

ஒரு பெயர் வந்ததும் அடுத்ததற்குத் திரும்பிப் போகச் சொல்லும் சுற்றை அவன் தொடங்கினான். தொடங்கியதைக் கடைசியில் நான்கு வீடு தட்டி ஒரு வரி போட்டு மூட வேண்டும். தட்டித் தட்டி அது எனக்கே பழகிப்போயிருந்தது.

அவன் மூடவில்லை.

"புரோகிராமை ஓட்டுக்கா" என்றான்.

அடப்பாவி! அந்த நான்கு வீட்டுக்கும் என் விரல் துடித்தது. தட்டினால் அவன் வேலை போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

ஒரே ஒரு பெயர் வந்து நின்றது. மிஸ்டர் சோங் எழுந்துவிட்டார்.

பத்துமலை அவரை நிற்கச் சொன்னான். எந்த வரி விட்டுப்போனது, ஏன் ஒரு பெயரோடு நின்றது என்று அவருக்கு மலாயிலேயே விளக்கினான். பிறகு எனக்கு அந்த நான்கு வீட்டைச் சொன்னான்.

பத்துப் பெயரும் மளமளவென்று இறங்கின.

மிஸ்டர் சோங் அவன் தோளைத் தட்டினார். என் தம்பி என்று ஈப்போ முழுக்கக் கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு.

வெளியே அவன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே திட்டினேன். இன்றைக்குப் பார்த்தா மறக்க வேண்டும்?

அவன் சிரித்தான்.

"தெரிஞ்சுதான் விட்டேன்க்கா. ஒரே ஓட்டத்துல வந்திருந்தா நீதான் செஞ்சேன்னு சொல்லியிருப்பாருலா. எங்க, நீ மூடிருவியோன்னுதான் எனக்குப் பயமே."