மதியச் சாப்பாடு வழிகாட்டியின் வீட்டில்

வீட்டு மண்டபத்தில் இருந்தவர்கள்: கொழும்பில் ஒரே வங்கியில் வேலை செய்யும் நான்கு பெண்கள், அவர்களுக்குக் காலையிலிருந்து ஊர் காட்டும் வழிகாட்டி ஹிஷாம், ஹிஷாமின் மனைவி ஸகியா, கதிரைக்குக் கீழே ஒரு பூனை. சாரதி டெனிஸ்ரன் வாசலில் நின்ற வான் வண்டிக்குள் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

'ஒரே நாளில் கல்முனை: நாலு தெரு, நாலு சனம்' என்பது சுற்றுலாவின் பெயர். முதலில் பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோவில். பிறகு மெதடிஸ்த தேவாலயம். பிறகு கடற்கரைப் பள்ளிவாசலின் கொடிமரம். விளம்பரத்தின் கடைசி வரி: மதியச் சாப்பாடு வழிகாட்டியின் வீட்டில்.

அந்த வரிக்காகத்தான் ஆட்கள் வந்தார்கள். அந்த வரிக்காகத்தான் ஹிஷாம் ஸகியாவுக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசி எடுக்க வேண்டியிருந்தது.

"சமைச்சுத் தாறன். உங்களோட கதைக்க மாட்டன்" என்று கடைசியில் அவள் சொல்லிவிட்டு வைத்தாள்.

சொன்னால் சொன்னதுதான். விருந்தாளிகளோடு வாய் ஓயவில்லை அவளுக்கு. வெயில், புடவை, கொழும்பில் தேங்காய் விற்கிற விலை, எல்லாம் கதைத்தாள். அவனோடு மட்டும் ஒரு சொல் இல்லை.

அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவன் வந்திருந்தான். உப்புக் காணுமா என்று கேட்டிருந்தாலே போதும்.

சகன் வந்தது. நாலு பேர் சுற்றியிருந்து ஒன்றாக அள்ளித் தின்னும் பெரிய தட்டு. நடுவில் நெய்ச்சோறு, சுற்றிவரக் கோழி, கத்தரிக்காய்ப் பொரியல், அச்சாறு.

"விருந்தாளிக்குக் கை கழுவ வீட்டுக்காரன்தான் தண்ணி ஊத்துற. அது எங்கட ஊர் மரியாதை" என்று ஹிஷாம் வழிகாட்டிக் குரலில் விளக்கினான். விளக்கிவிட்டுத் தண்ணீர்ச் சாடிக்குக் கை நீட்டினான்.

ஸகியா கொடுக்கவில்லை.

அவளே நாலு பேருக்கும் ஊற்றினாள். ஊற்றி முடிந்ததும் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் பிடித்தாள். வேறு வழியில்லாமல் அவன் கையை நீட்டினான். அவள் ஊற்றினாள்.

"பாருங்கப்பா, என்ன அன்பு!" என்றாள் மேர்சியா. நால்வரில் வாய் கூடியவள் அவள்தான். "நான் என் புருஷனுக்குத் தண்ணி ஊத்தினா மூஞ்சியிலதான் ஊத்துவேன்."

அவனுக்குச் சோறு பூப்போட்ட பீங்கானில் வந்தது. பெருநாளைக்கும் பிறத்தியாருக்கும் மட்டும் அலுமாரியிலிருந்து இறங்கும் பீங்கான்.

மேர்சியா அண்ணாந்து பார்த்தாள். மாபிள் நிலம். மேல்மாடிக்கு ஏறும் படி.

"வீடு சூப்பரா இருக்கே. எல்லாம் நீங்க கட்டினதா?"

மாபிள் அவன் பதித்தது. மேல்மாடி அவன் எழுப்பியது. கட்டாரில் இரவு வேலை செய்து அனுப்பிய காசு. ஓம் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குசினி வாசலில் ஸகியா கறிச்சட்டியோடு நின்றாள்.

"இல்ல" என்றான். "வீடு இவட. எங்கட பக்கம் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான். மாப்பிள்ளை ஒரு பேக்கோட வந்து ஏறுற."

"சண்டை பிடிச்சா?"

"அதே பேக்கோட இறங்குற."

நாலு பேரும் சிரித்தார்கள். ஸகியாவும் சிரித்துவிட்டாள்.

"அதுவும் சிப் போன பேக்" என்று மேர்சியாவிடம் சொன்னாள்.

சிப் அறுந்து வாய் மூடாத அந்தப் பேக் இப்போது நற்பிட்டிமுனையில், கூட்டாளி சரீபின் நெல்லுக் கடைக்குப் பின்னால் இருந்தது. நோன்புப் பெருநாளுக்கு மறுநாளிலிருந்து ஹிஷாம் படுப்பது அங்கேதான், மூட்டைகளுக்கு நடுவில், எலிகளோடு.

சண்டை என்னவோ மின்விசிறியை நிறுத்துவதா விடுவதா என்பதுதான். கோபத்தில் அவன் ஒன்று சொன்னான்: "இது என்ட வீடு. வெளிய போ."

அவளுடைய உம்மா அவளுக்கென்று கொடுத்த வீட்டில் நின்று, அவளைப் பார்த்து. இந்தக் கரையில் பெண்டாட்டியை எதுவும் சொல்லிவிட்டுத் தப்பலாம். இதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அவள் கத்தவில்லை. பேக்கைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

சாப்பாடு முடிந்து பெண்கள் வானில் ஏறினார்கள். டெனிஸ்ரன் ஹோன் அடித்தான். ஹிஷாம் வாசற்படியில் குனிந்து, சரியாக இருந்த செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"தம்பதிகளே, இன்னும் கதைச்சு முடியலையா?" என்று மேர்சியா வானுக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

அவன் நிமிர்ந்தான். ஸகியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலைச் சுற்றிய பூனையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அடுத்த சனிக்கும் ஆக்கள் வாறாங்களா?"

அடுத்த சனிக்கு ஒருவரும் பதியவில்லை. அதற்கடுத்த சனிக்கும் இல்லை.

"ஓம்" என்றான். "நாலு பேர்."

"அப்ப வாங்க."

அவன் படியிறங்கினான். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே, புதுப் பூட்டில், சாவி இரண்டு தரம் திரும்பியது.